ஒரே தட்டில்

ராத்திரி ரெண்டேகாலுக்குச் சோடா இறங்கிவிட்டது.
யாரும் திறக்கவில்லை.
மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறை, நாலாம் நம்பர் மிஷின்,
முந்நூறு கிலோ காட்டன், கருநீலம்.
சாயம் துணியெல்லாம் பரவி முடியும் முன்னே
சோடா போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்?
தேமல் விழுந்த முதுகு மாதிரி
விடியும்போது திட்டுத் திட்டாய்க் கிடந்தது அத்தனையும்.

"தூக்கக் கலக்கத்துல அவந்தானுங்க
பட்டனை அமுக்கியிருப்பான்" என்றார் மேஸ்திரி.
அவன் என்பது குலமணி.
பேரைக் கேட்டு நம்மூர்ப் பையன் என்று எடுத்தார்களாம்,
வந்திறங்கியவன் ஒடிசாக்காரன்.
மூன்று மாதம், மாதம் நாலாயிரம் பிடித்தம்
என்று நோட்டில் ஏறிவிட்டது.
பேய் என்றார் வாட்ச்மேன்.
யாருக்கும் செலவு வைக்காத பதில் அது ஒன்றுதான்.

பேனலைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன்.
எதிரே குலமணி,
கை இரண்டும் என் கண்ணில் படும்படி
மார்பில் கட்டிக்கொண்டு.
பக்கத்துக் கொட்டகையில் ஹைட்ரோ சுற்றத் தொடங்கிய நொடி
பேனலுக்குள் ஒரு பச்சைப் பொட்டு கண்ணடித்தது.
நிறுத்தச் சொல்லி, மறுபடி ஓட்டச் சொன்னேன்.
மறுபடி கண்ணடித்தது.

ஏணி போட்டுத் தட்டின் மூடியைக் கழற்றினேன்.
கட்டைவிரல் தடிமனில் மோட்டார் கேபிள்,
நானூற்றுப் பதினைந்து வோல்ட்.
அதன் இடுப்பைப் பிடித்தபடியே எழுபதடி தூரம்
சாம்பல் நிற ஒயர், இருபத்துநாலு.
பெரியது உறுமும்போதெல்லாம்
சின்னது அதைக் காதில் வாங்கி,
யாரோ பட்டனை அமுக்கிவிட்டதாய்
உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறது.
மேஸ்திரியைப் போலவே.

முழத்துக்கு ஒரு டை.
வாலைச் சாய்வாக நறுக்கி,
முடிச்சு சுவரைப் பார்க்க.
இந்தக் கை எனக்குத் தெரியும்.
என் கை.

நாலு வருஷமாகிறது. தீபாவளி ஆர்டர் நெருக்கடி.
"இன்னொரு தட்டு எதுக்குங்க, இரும்பு விக்கிற வெலையில"
என்றார் முதலாளி சென்னியப்பன்.
விதியைப் பார்த்தேன், இடம் இருந்தது:
கூட ஓடுகிற பெரிய வோல்ட்டைச்
சின்ன ஒயரின் தோலும் தாங்குமானால்
இரண்டும் சேர்ந்தே போகலாம்.
என் ஒயரின் தோல் ஆயிரத்து நூறு தாங்கும்.
வந்து பார்த்தவரும் கையெழுத்துப் போட்டுப் போனார்.
விதி பார்ப்பது தீயை, சாவை.
ஒட்டுக்கேட்பதைப் பார்க்க வேண்டியவன் நான்.
எது எதோடு ஓடக்கூடாது என்பதை
நொய்யலைக் கொடுத்துக் கற்ற ஊரில்
எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

போனில் சொன்னேன்.
"விதிப்படிதானுங்களே போட்டீங்க,
அப்பறம் உங்க மேல என்னங்க தப்பு?"
நல்ல மனுசன், தப்பித்துப் போகக்
கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.
கொஞ்ச நேரம் அந்தக் கதவைப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.
"தப்பு எம்படதுங்க. நோட்டைத் திருத்துங்க."
"பாக்கலாங்க."

ஞாயிற்றுக்கிழமை தனித் தட்டு, ஓரடி தள்ளி.
இரண்டும் சந்தித்தே தீரவேண்டிய ஓர் இடத்தில்
நேர் குறுக்காக,
லாரி வரும் ரோட்டைக் கடக்கிறவன் போல.
புது ஒயருக்கு வலையுறை.
உறையின் ஒரு முனை மண்ணோடு,
மறுமுனை எதையும் தொடாமல்.
இரண்டையும் கட்டினால் உறையே பேச ஆரம்பித்துவிடும்.

ஹைட்ரோவை ஓட்டினார்கள்.
பொட்டு இருட்டாகவே இருந்தது.
இன்னொரு முறை. இருட்டு.
குலமணி அதையே வெகுநேரம் பார்த்தான்.
பிறகு என் பக்கம் திரும்பி
"நோட்டு?" என்றான்.

பில்லில் எழுதினேன்: தட்டு, கேபிள், கிளாம்ப்.
கூலி இல்லை.
அதற்கும் கீழே: என் கணக்கில் கழிவு பன்னிரண்டாயிரம்,
குலமணி பேரில் வரவு.
முதலாளி மேஜையில்தான் இன்னும் இருக்கிறதாம்,
ஃபேன் காற்றுக்குப் பறந்துவிடாமல்
மேலே ஒரு கலர் கார்டு வைத்து.